புது நாயும் வீட்டுப் பிள்ளைகளும்

கேள்வி: குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் மலையாளம் கேட்டு வளர்ந்த இரண்டு வயது நாட்டு நாயைத் தத்தெடுக்கிறோம். வீட்டில் ஐந்து, எட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்படிப் பழக்குவது?
- வாசகி, கம்பம்

பதில்: முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். கூடத்தின் மூலையில் பழைய சாக்கை விரித்து அதன் இடமாக ஒதுக்கிவிட்டு, அது தானாக எழுந்து வந்து கையை முகரும்வரை பிள்ளைகள் தரையில் அமைதியாக அமர்ந்திருக்கட்டும். வாலாட்டுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். உடல் விறைத்து, உதட்டை நக்கி, கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பினால், தன்னை விட்டுவிடும்படி அது கேட்கிறது என்று பொருள். சின்னப் பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும். அதைக் கண்டிப்பாகத் தடுங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடவே கூடாது. பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளோடு தனியே விடவும் கூடாது. தோட்டத்து நாய்க்கு மிக்சிச் சத்தமே புதிது, பாவம், நடுங்கத்தான் செய்யும். கொஞ்ச காலம் ‘உட்கார்’ என்பதற்குப் பதில் ‘இரி’ என்றே சொல்லுங்கள். பழகிய சொல் அதற்குத் தைரியம் தரும். பல்லோ நகமோ பட்டுக் கீறினால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.