தக்காளி முந்தினால் பீன்ஸ் வேகாது: சமையல் கேள்வி-பதில்

கேள்வி: இத்தாலிய முறையில் சாசேஜ், பீன்ஸ் குழம்பு வைத்தேன். இரவு முழுக்க ஊறிய வெள்ளை ராஜ்மாவோடு தக்காளி, சாசேஜ் எல்லாம் ஒன்றாகப் போட்டேன். மூன்று மணி நேரம் கொதித்தும் பீன்ஸ் நறுக்கென்றே இருந்தது, சாசேஜ் சக்கையாகிவிட்டது. தவறு எங்கே?

பதில்: தக்காளி போட்ட நேரம்தான் தவறு. துவரம்பருப்பு வேகுமுன் புளி விட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும் நடந்திருக்கிறது. விதையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்புத் தண்ணீரில் லேசில் இளகாது. பீன்ஸ் ஒன்றரை வருடப் பழசாக இருந்தாலோ, போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தாலோ இன்னும் மோசம்.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இதை 'ஃபஜோலி அல் உச்செல்லெத்தோ' என்பார்கள். கன்னெல்லினி என்ற வெள்ளை பீன்ஸைத் தனியாக வேகவைத்துவிட்டுத்தான் தக்காளியிடம் கொண்டுபோவார்கள். நான்கு பேருக்கு 300 கிராம் பீன்ஸ், 500 கிராம் சாசேஜ் எடுத்துக்கொள்ளுங்கள். பீன்ஸை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு 10 மணி நேரம் ஊறவிடுங்கள். உப்பு போட்டால் வேகாது என்பது வீண் பயம்; உண்மையில் தோல் மெத்தென்று ஆகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இரண்டு பல் பூண்டோடு 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு சிறுதீயில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவையுங்கள். ஒரு விதையை நாக்கால் அண்ணத்தில் அழுத்திப் பாருங்கள். நடுவில் மாவு நெருடாமல் வெண்ணெயாகக் கரைந்தால் வெந்துவிட்டது. வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், குழம்பின் உடம்பே அதுதான்.

அகலமான சட்டியில் 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, சாசேஜைக் குத்தாமல் மிதமான தீயில் 8 நிமிடம் புரட்டிச் சிவக்கவிட்டு எடுத்துவையுங்கள். தீ அதிகமானால் தோல் வெடித்துக் கொழுப்பு வெளியேறி சக்கையாகும்; மூன்று மணி நேரம் கொதித்தாலும் அப்படித்தான். அதே கொழுப்பில் நசுக்கிய பூண்டு 4 பல், சேஜ் என்ற வாசனை மூலிகையின் இலை 8 போடுங்கள். பூண்டு பொன்னிறம் தாண்டினால் கசக்கும். தோலுரித்த தக்காளி 400 கிராம் சேர்த்து எண்ணெய் பிரிய வதக்குங்கள். பீன்ஸ், ஒன்றரைக் கப் வெந்த தண்ணீர், சாசேஜ், மிளகு சேர்த்து 15–20 நிமிடம் சிறுதீ. ஒரு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்தால் குழம்பு தானாகக் கெட்டியாகும், சோளமாவே வேண்டாம்.

கேள்வி: கடையில் வேகவைத்துப் பொட்டலமிட்ட சிக்கன் சாசேஜ்தான் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் குழம்புக்கு ருசி இறங்காது. இத்தாலியர் போடுவது கொரகொரப்பாக அரைத்த பச்சைப் பன்றி இறைச்சி சாசேஜ். கொழுப்போடு கொத்திய பன்றிக்கறி அரை கிலோ, உப்பு 8 கிராம், இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, பூண்டு 2 பல், விருப்பமிருந்தால் சோம்பு ஒரு தேக்கரண்டி சேர்த்து, கையில் ஒட்டும்வரை பிசையுங்கள். அந்தப் பிசுபிசுப்பு வராவிட்டால் குழம்பில் உதிர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் குளிரவைத்து, உருண்டை பிடித்து, மேலே சொன்னபடி சிவக்கவிடுங்கள். உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும்.

கேள்வி: சேஜ் இல்லை. கற்பூரவள்ளி?

பதில்: வேண்டாம். அதன் வாசம் ஓரிகானோ பக்கம் போகும். காய்ந்த சேஜ் அரைத் தேக்கரண்டி போதும்; அதுவும் இல்லையென்றால் ஒரு கொத்து ரோஸ்மேரி.

கேள்வி: ஊறிய பீன்ஸை நேராக ஸ்லோ குக்கரில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. ராஜ்மா இனத்தில் லெக்டின் என்ற நச்சுப்புரதம் உண்டு. சிவப்பில் அதிகம், வெள்ளையில் குறைவு, ஆனாலும் இருக்கிறது. ஸ்லோ குக்கரில் கொதிநிலைக்குக் கீழேயே மெதுவாக வெந்தால் அது அழியாது. சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். முதலில் அடுப்பில் 10 நிமிடம் முழுக்கொதி, அதன்பிறகே ஸ்லோ குக்கர். அப்போதும் தக்காளி கடைசியில்தான்.