செக்கு மெஷினுக்கு இப்போதே முன்பணம் வேண்டாம்

வணக்கம் தம்பி. ஊரிலேயே கடலை, எள் ஆட்டும் மரச்செக்குப் போட 6 லட்சம் ஆகும், மெஷின்காரர் முன்பணம் கேட்கிறார், பிறகு மானியம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கும் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் புதுத் தொழிலுக்குத்தான். மெஷினை இறக்கி ஓட்டத் தொடங்கிவிட்டால், "ஏற்கெனவே நடக்கும் தொழில்" என்று தள்ளிவிடுவார்கள். அதனால் இப்போது விலைப்புள்ளி மட்டும் வாங்குங்கள், ஜிஎஸ்டி எண்ணோடு.

நீங்கள் பிசி, இடமும் கிராமம். 35 சதவீத மானியம், அதாவது 2,10,000 ரூபாய். கைப்பணம் 5 சதவீதம், 30,000 போதும். ஆனால் மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே 3 வருடம் வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைப் பார்த்த பிறகுதான் கடனில் கழியும். இதைச் சொல்லாமல் "பாதிப் பணம் இலவசம்" என்று கமிஷன் கேட்கும் தரகர்களை அண்டவிடாதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணமில்லை.

இடம் வாங்கும் செலவைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. 10 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேலாளர் பத்திரம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கிராமப்பகுதிச் சான்று, சாதிச் சான்று இரண்டும் கையில் இருக்கட்டும். அப்புறம் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.