விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்ற எண்ணம் எப்படி மாறியது?

காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த அமெரிக்கர் ஹைன்ரிச், விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்கின்றன என்று 1931-இல் எழுதியது, பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது. பழியைச் சுமத்த அது வசதியாக இருந்ததே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள், தரையிறங்கியபின் இறக்கை மடிப்புகளுக்கு (தரையிறங்கும்போது இறக்கையின் பின்புறம் கீழிறக்கப்படும் தகடுகள்) பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட, விமானம் வயிறு தரையில் மோத விழுந்தது. உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானியை விட்டுவிட்டு விமானி அறையை ஆராய்ந்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரியாக, அருகருகே இருந்தன. ஒன்றின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றொன்றில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தியதும், விரல்களே வேறுபாட்டை உணர்ந்தன.

போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தபோது, குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததையும் கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய எரிகோபுரம் செயலிழந்திருந்ததையும் எந்தத் தொழிலாளியின் கவனக்குறைவாலும் விளக்க முடியாது. அவை நிர்வாகத்தின் முடிவுகள்.