வாசகர் கேள்வி: கடன் கொப்பியும் நூலகச் சுவரும்

கேள்வி: பழைய இரும்புக்கடையில் வாங்கிய தகரப் பெட்டிக்குள் ஒரு பலசரக்குக் கடையின் கடன் கொப்பி கிடைத்தது. 1961 என்று போட்டிருக்கிறது, கடை எதுவென்று தெரியவில்லை. அந்தக் கையெழுத்தை அசைய வைத்து எங்கள் பொது நூலகச் சுவரில் இரவில் காட்ட ஆசை. ஸ்கேன் பண்ணி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றவிட்டுப் பார்த்தேன், உயிரே இல்லை. ஒரு பக்கத்தின் படம் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, யாரும் எழுத்தை முழுதாகத் தூக்கித் தாளில் வைப்பதில்லையே. பேனா ஊர்ந்துபோன வழியைக் காட்டுங்கள். 'கொத்தமல்லி' என்று எழுதும்போது கொம்புதான் முதலில் வரும், பிறகு க, பிறகு கால். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணி, தாளை நீக்கி மையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தின் மேலும் பேனா போன அதே வழியில் தடித்த கோடு ஒன்று வரைந்து அதை மாஸ்க் ஆக்குங்கள். அந்தக் கோடு நீள நீள அடியிலிருக்கும் அசல் மை தெரியும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில், கோட்டைச் சிறிது சிறிதாக நீளவிடும் ட்ரிம் பாத்ஸ் வசதி இதற்குப் போதும். ஒரே வேகம் மட்டும் வேண்டாம். மை திட்டாக ஊறிய இடத்தில் பேனா நின்றிருக்கிறது, நீங்களும் நில்லுங்கள்.

அப்புறம், 'றாத்தல்' (பழைய எடை அளவு) என்பதில் றா பழைய சுழித்த வடிவம், ஒரே இழுப்பு. அழகாக இருக்கட்டுமென்று கணினி எழுத்துருவை வைத்துவிடாதீர்கள், அது றவும் காலுமாகப் பிரிந்துபோகும்.

கேள்வி: 5000 லூமன்ஸ் (ஒளியின் அளவு) புரொஜெக்டர் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். காணுமா?

பதில்: 8 மீட்டர் அகலத்துக்குக் காணும். 16:9 என்றால் உயரம் நாலரை மீட்டர், பரப்பு 36 சதுர மீட்டர், சுவரில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 லூமன்ஸ், அதாவது 140 லக்ஸ், விழும். பக்கத்துத் தெருவிளக்கை அணைக்க அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் வெளிறிவிடும். த்ரோ ரேஷியோ (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 12 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். எழுத்தை வெள்ளையாக்கிப் பின்னணியைக் கறுப்பாக்குங்கள். கறுப்பில் ஒளி அவ்வளவாக விழாது, படத்தின் சதுர விளிம்பும் பெரிதாகத் தெரியாது. மாரி தொடங்குமுன் செய்யுங்கள். வயரை உயரத்தில் கட்டுங்கள், உங்கள் ஊர் மான்கள் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன. அரை றாத்தல் சீனிக்குக் கடன் சொன்னவரின் பேரப்பிள்ளை இன்றும் அந்த வழியால் போகலாம், அவர் பார்க்க அந்தப் பெயர் சுவரில் ஏற வேண்டுமா? எனக்குச் சரியாகப் படவில்லை. பெயர் வரும் இடத்தை இருட்டாகவே விடுங்கள். சாமானும் சதமும் போதும். கடன் தீர்ந்ததும் குறுக்கே இழுத்த கோடுகளைக் கடைசிக்கு வையுங்கள். அவற்றை மட்டும் வேகமாக விடலாம், கடைக்காரர் சந்தோஷமாகத்தானே இழுத்திருப்பார்.