கேள்வி பதில்: தொழில் பண்றதுக்கு டிகிரி எதுக்கு?

கேள்வி: ஸ்கூல் முடிச்சுட்டேன். சொந்தமா தொழில் பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை, அதனால யுனிவர்சிட்டில ஸ்மால் பிசினஸ் மேனேஜ்மென்ட் அண்ட் என்டர்பிரனர்ஷிப் எடுக்கலாம்னு இருக்கேன். அப்பா, "வியாபாரம் பண்றவன் எவன் படிச்சுட்டு வந்தான், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா"ன்னு கேக்குறார். என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

பதில்: அப்பா கேக்குறதுல நியாயம் இருக்கு தங்கச்சி, அதை ஒதுக்கிடாதீங்க. ஆனா அந்தக் கேள்விய அவர் உங்ககிட்ட கேக்குறத விட நீங்க காலேஜ்கிட்ட கேக்கணும், அதாவது "உங்க கோர்ஸ்ல ஏட்டுக்கு வெளிய என்ன இருக்கு"ன்னு.

இந்தப் படிப்பு நேத்து வந்தது இல்ல. 1947ல ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல மைல்ஸ் மேஸ்ங்கிற பேராசிரியர் புதுசா தொழில் தொடங்குறத பத்தி ஒரு பேப்பர் ஆரம்பிச்சார், 188 பேர் சேர்ந்தாங்க, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட வந்த காலம் அது. அன்னிலேர்ந்து "இத சொல்லிக் குடுக்க முடியுமா"ன்னு சண்டை நடந்துகிட்டேதான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சு இந்தச் சண்டைக்குக் கொஞ்சமாவது உருப்படியா பதில் சொன்னது ஆப்பிரிக்காவுல டோகோ நாட்டுல பண்ணின ஒரு ஆய்வு, 2017ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. சின்னச் சின்னத் தொழில் பண்ற 1,500 பேரை மூணா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு வழக்கமான கணக்கு, மார்க்கெட்டிங், நிதி டிரெய்னிங். இன்னொரு குரூப்புக்கு, யாரும் சொல்றதுக்குக் காத்திருக்காம தானா இறங்குறது, வாய்ப்ப தேடிப் போறது, முட்டுக்கட்டை வந்தா சுத்திப் போக வழி கண்டுபிடிக்கிறது, இந்த மாதிரி மனப்பழக்கத்துக்கு டிரெய்னிங். மூணாவது குரூப்புக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து பாத்தா, மனப்பழக்கம் கத்துக்கிட்டவங்க லாபம் ஒண்ணுமே கத்துக்காதவங்கள விட 30 சதவீதம் கூட, வழக்கமான டிரெய்னிங் எடுத்தவங்களுக்கு 11 சதவீதம்தான், அதுவும் டிரெய்னிங்னாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல.

இத வெச்சுகிட்டு கணக்குப் பாடம் வேஸ்ட்னு நான் சொல்ல மாட்டேன், கணக்கு தெரியாம தொழில் பண்ணினா முதலுக்கே மோசம். ஆனா பாடத்த மட்டும் நடத்திட்டு அனுப்புற காலேஜ் உங்கள தொழிலுக்குத் தயார் பண்ணல, பரீட்சைக்குத்தான் தயார் பண்ணுது. சேர்றதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த செமஸ்டர்ல நான் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்கு ஒரு பொருளையோ சேவையையோ வித்துக் காசு வாங்குவேன்?" பிசினஸ் பிளான் எழுதுவோம், பவர்பாயின்ட் போடுவோம், போட்டில கலந்துப்போம்னு சுத்தி வளைச்சா யோசிங்க. அமெரிக்காவுல பாப்சன் காலேஜ்ல முதல் வருஷப் பசங்களே குழுவா சேர்ந்து, காலேஜ் குடுக்குற கடன்ல நிஜமாவே ஒரு தொழில் ஆரம்பிச்சு, நடத்தி, வருஷக் கடைசில மூடி, கடன அடைச்சு, மிஞ்சின லாபத்த சமூக சேவைக்குக் குடுக்குறாங்க. அந்த "மூடுறது" இருக்கு பாருங்க, அத எந்தப் புத்தகமும் உருப்படியா சொல்லித் தராது, சரக்கு மிச்சம் கிடக்கும், வர வேண்டியது பாக்கி நிக்கும், கூட்டாளி முகம் குடுக்க மாட்டான், இதெல்லாம் சின்ன வயசுல சின்னத் தொகையில பட்டு வர்றது பெரிய சொத்து. உங்க காலேஜ்ல இது இல்லன்னாலும் சேரலாம், ஆனா முதல் வருஷத்துலேர்ந்தே நீங்களா எதையாவது வித்துகிட்டே படிங்க. அப்பாவுக்கும் இதுதான் பதில், ரெண்டும் சேர்ந்து நடக்கும்னு சொல்லுங்க.

கேள்வி: கோர்ஸ் பேர்லயே "ஸ்மால் பிசினஸ்"னு ஒண்ணு, "என்டர்பிரனர்ஷிப்"னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு?

பதில்: ஒண்ணு இல்லீங்க. தனக்கும் குடும்பத்துக்கும் வருமானம், யாருக்கும் கை கட்டி நிக்க வேண்டாம், நிம்மதியா நடக்கணும், இந்த எண்ணத்துல நடத்துறது சிறுதொழில். இதுவரைக்கும் இல்லாத ஒரு பொருளோ, செய்முறையோ, சந்தையோ உண்டாக்கி அத வளத்தே தீரணும்னு இறங்குறது இன்னொண்ணு, ஷும்பீட்டர்னு ஒரு பொருளாதார அறிஞர் தொழில்முனைவோர்னு சொன்னது இந்த ரகத்தைத்தான். 2011ல அமெரிக்காவுல ஹர்ஸ்ட், பக்ஸ்லின்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாத்தப்ப, சின்னத் தொழில் ஆரம்பிக்கிறவங்கள்ல ரொம்பப் பேருக்குப் பெருசா வளரணும்னோ புதுசா கண்டுபிடிக்கணும்னோ எண்ணமே இல்ல, தனக்குத் தானே முதலாளியா இருக்கணும்ங்கிறதுதான் பெரிய ஆசைன்னு தெரிஞ்சுது.

இதுல உசத்தி தாழ்த்தி கிடையாது, இத அழுத்திச் சொல்றேன், ஏன்னா கிளாஸ்ல இன்வெஸ்டர், ஃபண்டிங், ஸ்கேல் அப்னு பேசிப் பேசி சின்னதா ஒழுங்கா ஒரு தொழில் நடத்துறது ஏதோ தோத்துப்போன மாதிரி பசங்க மனசுல விழுந்துடுது. உலகத்துல இருக்குற தொழில்கள்ல சுமார் 90 சதவீதம் சிறு, நடுத்தரத் தொழில்தான், வேலைல பாதிக்கு மேல அங்கதான் இருக்குன்னு உலக வங்கி சொல்லுது. நீங்க எந்த ரகம்னு முடிவு பண்ணிட்டா எலெக்டிவ் எடுக்குறது சுலபம். முதல் ரகத்துக்குக் கொள்முதல், வசூல், வரி, ஆள் நிர்வாகம். ரெண்டாவதுக்கு முதலீடு திரட்டுறது, காப்புரிமை, ப்ராடக்ட் டிசைன்.

கேள்வி: என்டர்பிரனர்ஷிப் ரெண்டாவது வருஷம். அக்கவுன்ட்ஸ்ல நல்ல மார்க். ஆனா "லாபத்துல ஓடுற கம்பெனி கூட காசு இல்லாம மூடும்"னு சார் சொன்னார், அது மட்டும் மண்டைல ஏறல. லாபம் இருந்தா காசு இருக்கணும்ல?

பதில்: இந்த டிகிரில ஒரே ஒரு விஷயம்தான் கத்துக்கலாம்னா இதத்தான் கத்துக்கணும்னு சொல்வேன் தம்பி, அதனால பேப்பர் பேனா எடுத்துக்கங்க.

ஒரு பொருள 6க்கு வாங்கி 10க்கு விக்கிறீங்க. சரக்கு குடுக்குறவர் ரொக்கமா கேக்குறார், உங்ககிட்ட வாங்குறவர் ரெண்டு மாசம் கழிச்சுத் தர்றார். முதல் மாசம் 100 பீஸ், ரெண்டாவது மாசம் 200, மூணாவது மாசம் 300, தொழில் சூப்பரா வளருது. புத்தகத்துல லாபம் என்ன? 400, 800, 1,200, மொத்தம் 2,400. இப்ப கைல இருக்குற காசப் பாருங்க. சரக்குக்குப் போனது 600, 1,200, 1,800, மொத்தம் 3,600. உள்ள வந்தது? முதல் மாசம் வித்ததுக்கான 1,000 மூணாவது மாசம் வந்துச்சு, அவ்வளவுதான். அப்ப 2,400 லாபம் காட்டுற அதே நாள்ல கைல 2,600 பள்ளம். வாடகை, சம்பளம் இன்னும் நான் சேர்க்கவே இல்ல. இதுல கொடுமை என்னன்னா ஆர்டர் வளர வளர பள்ளம் பெருசாகுது, மாசம் 100லயே நின்னிருந்தா 800 பள்ளத்தோட போயிருக்கும், போட்டுப் பாருங்க. ஆர்டர் இல்லாம மூடினவங்கள எல்லாருக்கும் புரியும், ஆர்டர் குவிஞ்சு மூடினவங்கள வெளியாளுக்குப் புரியாது.

அதனால ஒர்க்கிங் கேப்பிட்டல்னு சிலபஸ்ல வர்றத ஃபார்முலாவா பாக்காதீங்க. காசு கைய விட்டுப் போன நாளுக்கும் திரும்பி வர்ற நாளுக்கும் நடுவுல எத்தன நாள்ங்கிறதுதான் விஷயம். அந்த நாள குறைக்க வழி கொஞ்சம்தான்: பாதி அட்வான்ஸ் வாங்குறது, சீக்கிரம் குடுத்தா சின்னத் தள்ளுபடி, சப்ளையர்கிட்ட தவணை பேசுறது, சரக்கக் குறைச்சு வெக்கிறது. வெக்கத்த விட்டு பாக்கி கேக்குறதும் ஒரு திறமைதான், அதுக்கு எந்த காலேஜ்லயும் மார்க் போடுறதில்ல, போடணும்.

தள்ளுபடின்னதும் இன்னொண்ணு. அதே பொருளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி போட்டு 9க்கு வித்தா ஒரு பீஸுக்கு நிக்கிறது 4லேர்ந்து 3 ஆயிடும். மாசச் செலவு 2,000 இருந்தா முன்னாடி 500 பீஸ்ல கட்டுப்படி ஆச்சு, இப்ப 667 விக்கணும். பத்து சதவீதம் குறைச்சதுக்கு மூணுல ஒரு பங்கு வியாபாரம் கூட வேணும். ஆஃபர் போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க எத்தன பேர் போடுறாங்க?

கேள்வி: எனக்கு 42 வயசு. பார்ட் டைமா இந்தக் கோர்ஸ் படிச்சு அப்புறம் தொழில் தொடங்கலாமா, இல்ல லேட்டா?

பதில்: லேட்டே இல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கத்திய அரசுப் பதிவுகள வெச்சுப் பாத்தப்ப, புதுக் கம்பெனிகள்ல ஆயிரத்துல ஒண்ணுங்கிற அளவுக்கு அதிவேகமா வளந்ததுகள தொடங்கினவங்க சராசரி வயசு 45. தெரிஞ்ச துறைலயே ஆரம்பிச்சா வாய்ப்பு இன்னும் கூடுதுன்னும் சொன்னாங்க. வேலைய விடாம படிங்க, உங்க ஃபீல்டுலயே ஐடியா தேடுங்க. எவ்வளவு போட்டா எவ்வளவு வரும்னு கனவு காணறத விட, எவ்வளவு போனா குடும்பம் தாங்கும்னு முதல்ல ஒரு தொகைய எழுதி வெச்சுக்கங்க. சரஸ் சரஸ்வதிங்கிற பேராசிரியை அனுபவசாலி தொழிலதிபர்கள் 27 பேர உக்கார வெச்சு அவங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்சப்ப கண்ட பழக்கங்கள்ல இதுவும் ஒண்ணு.

கேள்வி: கிளாஸ் ப்ரொஜெக்ட் நல்லா போச்சு, நாலு பேரும் அதையே கம்பெனியா பண்ணலாம்னு இருக்கோம். ஆளுக்குக் கால் பங்கு, சரிதானே?

பதில்: ப்ரொஜெக்ட்ல நாலு பேருக்கும் ஒரே மார்க் வந்திருக்கும், ஆனா வேலை ஒரே அளவா நடந்துச்சான்னு உங்க நாலு பேருக்கும் தெரியும். டிகிரி முடிஞ்சதும் ஒருத்தர் மேல படிக்கப் போவார், ஒருத்தருக்கு வேலை கிடைக்கும், அவங்க கால் பங்க எடுத்துகிட்டுப் போயிட்டா மிச்சம் இருக்குற ரெண்டு பேர் யாருக்காக உழைக்கிறது? சம பங்கு வெச்சாலும் பரவால்ல, அது ஒரே நாள்ல கைக்கு வரக் கூடாது. நாலு வருஷம் கூட இருந்தா முழுசும், முதல் வருஷத்துக்குள்ள போனா ஒண்ணும் இல்ல, அதுக்கப்புறம் இருந்த காலத்துக்கு ஏத்த மாதிரின்னு எழுதிக்கிறது புதுக் கம்பெனிகள்ல வழக்கம், வெஸ்டிங்னு பேரு. இப்பவே உக்காந்து பேசுங்க, நட்பு நல்லா இருக்கும்போதே பேசுங்க.

கேள்வி: தொழில் ஓடலன்னா இந்த டிகிரிக்கு வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனா சர்டிஃபிகேட்ட மட்டும் நீட்டினா கஷ்டம். ஓடாமப் போறது அபூர்வமும் இல்ல, அமெரிக்க அரசுப் புள்ளிவிவரப்படி புதுத் தொழில்கள்ல சுமார் அஞ்சுல ஒண்ணு முதல் வருஷத்துலயே மூடுது, அஞ்சு வருஷத்துல பாதி மூடிடுது. சிறுதொழில் கடன் குடுக்குற வங்கிப் பிரிவு, குடும்பத் தொழில் நடத்துறவங்க, வளந்துகிட்டு வர்ற சின்னக் கம்பெனிகள், இங்கெல்லாம் எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்ச ஆள் தேவைப்படுது. இன்டர்வியூவுக்குப் போகும்போது நீங்க நடத்தின தொழிலோட மாசாமாசக் கணக்க எடுத்துட்டுப் போங்க, என்ன வித்துச்சு, எது தேங்குச்சு, எந்த மாசம் ஏன் நிறுத்தினீங்கன்னு பேப்பர வெச்சுப் பேசுங்க, மூடின தொழிலா இருந்தாலும் அத மறைக்காதீங்க.