வரைந்த காகம் மண்ணில் நிற்க மறுத்தால்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வங்கி வேலை. மதிய இடைவேளையில் பழைய டைரிகளில் விசித்திரப் பிராணிகளை வரைந்து தள்ளுவது பல வருடப் பழக்கமாம். மூக்குக்கண்ணாடி போட்ட காகம், ஆட்டுக்கால் முளைத்த பாட்டி, தன் வாலையே தலையணையாக வைத்துத் தூங்கும் பல்லி. சென்ற வருடம் இவற்றை மண்ணில் செய்து பார்க்க ஆசை வந்திருக்கிறது. “காகத்தின் கால் இரண்டும் ஒரு மணி நேரத்தில் வளைந்து, அது மூக்குக் குப்புற விழுந்தது. பாட்டியைப் பக்கத்துச் சூளையில் சுடக் கொடுத்தேன், வெடித்துத் துண்டு துண்டாகத் திரும்பி வந்தாள். பல்லி மட்டும் தப்பியது. ஆனால் அதைப் பார்த்தால் சிரிப்பே வரவில்லை. படத்தில் இருந்த குறும்பு எங்கே போயிற்று?” என்று கேட்கிறார். படங்களையும், உடைந்த துண்டுகளின் புகைப்படத்தையும் அனுப்பியிருந்தார்.

பல்லி ஏன் தப்பியது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அது படுத்திருந்தது.

காகிதத்தில் எந்தப் பிராணிக்கும் எடை கிடையாது. தாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்களைக் கோட்டால் ஒன்றோடொன்று இணைத்து இணைத்தே அலகு நீண்ட பறவைகளையும் பெயரில்லாத மிருகங்களையும் கொண்டுவந்தார். 1924இல் எழுதிய ‘பூரபி’ கவிதைகளின் பிரதியில் அவை நிறைய உண்டு. 1930இல் பாரிஸில் அவருடைய ஓவியங்களுக்குக் கண்காட்சியே நடந்தது. அந்த மிருகங்களில் பலவற்றுக்குக் கால் எங்கே, தரை எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. மண்ணில் அப்படி நடக்காது. ஈர மண்ணுக்கு எடையும் உண்டு, சோம்பலும் உண்டு. ஆகவே படத்தை அப்படியே மண்ணுக்கு மாற்ற முயல வேண்டாம். “இந்தக் காகத்தை மண் எப்படி வரையும்?” என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

முதலில் வெடித்த பாட்டி. மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி காற்று அல்ல, ஈரம். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். தடித்த மண்ணின் நடுவில் மாட்டிய ஈரம் 100 டிகிரியைத் தாண்டும்போது வெளியேற வழியில்லாமல் மண்ணையே பிளந்துகொண்டு வருகிறது. உங்கள் புகைப்படத்தில் பாட்டியின் இடுப்புத் துண்டு ஒன்று கிடக்கிறதே, அதன் குறுக்குவெட்டு மூன்று விரல் தடிமனுக்குக் கெட்டியாக இருக்கிறது. அவ்வளவு தடித்தால் வெளிப்புறம் எலும்பாகக் காய்ந்த பிறகும் நடுவில் ஈரம் இருக்கும். நான் செய்த முதல் ஆமையும் இப்படித்தான் வெடித்தது. போகிற போக்கில் அதே சூளையில் இருந்த சட்டிகளையும் உடைத்துவிட்டுப் போனது. சட்டிகளுக்கு நான் காசு கொடுத்தேன்.

எனவே உள்ளே குடைய வேண்டும். கெட்டியாகவே செய்து முடியுங்கள், பரவாயில்லை. மண் கொஞ்சம் விறைத்து, நகம் பதியும் ஆனால் விரல் பதியாது என்கிற பதம் வரும்போது தூண்டில் நரம்பால் உடலை இரண்டாக அறுங்கள். சுண்டுவிரல் தடிமனுக்குச் சுவரை விட்டுவிட்டு உள்ளே ஸ்பூனால் சுரண்டி எடுங்கள். வெட்டிய இரண்டு விளிம்புகளையும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி ஒட்டுங்கள். கீறாமல் ஒட்டியது காயும்போது பிரிந்துவிடும். அப்புறம் அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இதை மட்டும் மறக்கவே கூடாது.

மண்ணையும் கொஞ்சம் மாற்றுங்கள். பானை வனையும் மண் வழுவழுப்பானது, சக்கரத்துக்கு அது வேண்டும். பொம்மைக்கு அவ்வளவு வழுவழுப்பு ஆகாது. ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்யும் வேளார்கள் மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். மணல் மண்ணின் சுருக்கத்தைக் குறைக்கும். உமி சூளையில் எரிந்து போய், அந்த இடத்தில் நுண்ணிய வழிகளை விட்டுச் செல்லும். சிறிய பொம்மைக்கு ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணலோ, உடைந்த ஓடுகளை இடித்த தூளோ போதும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் சூளைக்குத் தயார். மெல்லிய வாலும் காதும் முதலில் காய்ந்து உடலிலிருந்து விரிசல் விடும் என்பதால் அவற்றின் மேல் மட்டும் ஈரத்துணியோ பிளாஸ்டிக் பையோ போட்டு வையுங்கள். மின்விசிறிக்கு அடியில் வைக்கவே வேண்டாம். சூளைக்காரரிடம் முதல் சில மணி நேரம் புகை மூட்டமாகவே வைத்திருக்கச் சொல்லுங்கள். மின்சூளை என்றால் 90 டிகிரியை ஒட்டி மூன்று நான்கு மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாக ஏற்றி 900லிருந்து 1,000க்குள் முடிக்கலாம். ஆறும்போது அவசரப்பட்டுத் திறந்து பார்க்கிற ஆசையையும் அடக்க வேண்டும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்கிற கனிமம் சட்டென்று அளவு மாறும். வேகமாக ஆறினால் அந்த இடத்தில் ‘டிக்’ என்று ஒரு கீறல் விழும்.

இனி கால். உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பாடசாலை இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக்குப் போய் அந்தக் குதிரைத் தூண்களுக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாயும் குதிரை, மேலே வீரன். எல்லோரும் பார்ப்பது அதைத்தான். நீங்கள் குளம்புக்குக் கீழே பாருங்கள். ஈட்டி பிடித்த ஆட்களும் புலியும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கதைப்படி அவர்கள் சண்டை போடுகிறார்கள். கல்லின் கணக்குப்படி, அந்தரத்தில் நீண்ட கால்களுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். சிற்பி முட்டுக்கட்டை வைத்துவிட்டு அதை மறைக்கவில்லை, முட்டுக்கே ஒரு வேடம் போட்டுவிட்டான். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

உங்கள் காகத்துக்கு மூன்று வழி உண்டு. வாலைக் கீழே இறக்கித் தரையில் ஊன்றவைத்தால் இரண்டு கால் மூன்றாகும். அல்லது காலுக்கு நடுவே ஒரு வடைச்சட்டியை வையுங்கள், உடல் அதன் மேல் அமரட்டும், கால் வெறும் அலங்காரமாக ஒட்டிக்கொள்ளட்டும். மூன்றாவது, எனக்குப் பிடித்தது: காலை மண்ணில் செய்யவே வேண்டாம், கம்பியில் செய்யுங்கள்.

கம்பி என்றதும் அலெக்ஸாண்டர் கால்டர் நினைவுக்கு வருகிறார். 1898இல் பிறந்த அமெரிக்கர். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். 1926இல் பாரிஸ் போய், கம்பி, கார்க், துணி, பொத்தான், மரத்துண்டு என்று கைக்கு அகப்பட்டதை வைத்து ஒரு குட்டி சர்க்கஸையே செய்தார். சிங்கம், கயிற்றில் நடப்பவர், கோமாளி எல்லாரும் உண்டு. பெட்டிகளில் அடைத்து எடுத்துப்போய், தரையில் மண்டியிட்டு, தானே ஒவ்வொன்றையும் ஆட்டி நண்பர்களுக்குக் காட்சி நடத்துவார். இப்போது அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1955இல் அவர் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கியும் வேலை செய்திருக்கிறார். அவரிடம் உங்களுக்கு ஆகக்கூடிய பாடம், கம்பிதான் பேனாக் கோட்டுக்கு மிக நெருங்கிய உறவு என்பது. அவருடைய கம்பி முகங்களைப் பார்த்தால் காகிதத்திலிருந்து கோட்டை உரித்து எடுத்துக் காற்றில் மாட்டியது போல இருக்கும். உங்கள் டைரிப் படங்களிலும் நிழல் இல்லை, வெறும் கோடுதான். சில படங்கள் மண்ணுக்கே வரக்கூடாதோ, நேராகக் கம்பிக்குப் போயிருக்க வேண்டுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஹார்டுவேர் கடையில் கட்டுக்கம்பி எடைக்குக் கிடைக்கும். ஒரு மூக்குக் குறடு இருந்தால் இன்றைக்கே பழகிப் பார்க்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுடப்போகும் மண்ணுக்குள் கம்பியை வைக்காதீர்கள். மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் நூற்றுக்குச் சுமார் பத்து சுருங்கும். கம்பி சுருங்காது. சண்டையில் மண்தான் பிளக்கும். ஆகவே காகத்தின் வயிற்றில் ஈரமாக இருக்கும்போதே இரண்டு துளை போடுங்கள், கம்பியைவிடக் கொஞ்சம் பெரிதாக. சுட்டு வந்த பிறகு 3 மில்லிமீட்டர் கம்பியைச் செருகி எம்-சீல் வைத்து இறுக்குங்கள். கீழ் முனையை மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே என்று வளைத்து ஒரு மரக்கட்டையில் பதியுங்கள். மூக்குக்கண்ணாடியும் அதே கம்பியில்தான், மெல்லியதாக. சுட்ட சிவப்பு மண்ணின் மேல் கம்பிக் கண்ணாடி உட்கார்ந்ததும் அந்தக் காகத்துக்கு ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் களை வந்துவிடும் பாருங்கள்.

சூளை வசதியே இல்லாதவர்களுக்குக் காகிதக்கூழ் இருக்கிறது. கிராமத்தில் வெந்தயத்தோடு அரைத்த காகிதக்கூழால் முறம் மெழுகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கூழ்தான். இதற்குள் கம்பி வைக்கலாம், தவறில்லை. ஓவியர் பால் க்ளே தன் மகன் ஃபீலிக்ஸுக்காக 1916லிருந்து 1925 வரை ஐம்பது கைப்பொம்மைகள் வரை செய்தார். சாந்து, எலும்பு, கிழிசல் துணி என்று வீட்டில் வீணாய்ப் போன பொருள்கள்தான் எல்லாம். முப்பது மிஞ்சியிருக்கின்றன. மழைக்காலத்தில் காகிதக்கூழ் பூசணம் பிடிக்கும், முழுக்கக் காய்ந்த பிறகே வர்ணம் பூசுங்கள்.

இப்போது அந்தக் குறும்பு விஷயம். உங்கள் படத்தையும் பல்லியின் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். படத்தில் பல்லி ஒரு கண்ணை அரைகுறையாகத் திறந்து வைத்திருக்கிறது. தூங்குவது போல நடிக்கிறது, ஏதோ பூச்சி வரக் காத்திருக்கிறது. மண்ணில் இரண்டு கண்ணும் சமமாக, அழகாக மூடியிருக்கின்றன. அதற்குப் பதில் உடம்பு முழுக்கச் செதில் செதிலாகக் கீறியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இமைக்குக் கொடுத்திருந்தால் பல்லி பிழைத்திருக்கும். காகமும் அப்படியே. படத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, “அப்படியா சொன்னான்?” என்று கேட்பதைப் போல. மண்ணில், விழுந்துவிடுமோ என்ற பயத்திலோ என்னவோ, நேராக நிமிர்த்திவிட்டீர்கள். சிரிப்பு அந்தச் சாய்வில்தான் இருந்தது.

மண்ணில் கோடு தெரியாது, நிழல்தான் தெரியும். ஊசியால் கீறிய புருவம் காய்ந்ததும் காணாமல் போகும். கண்ணை ரீஃபில் முனையால் நகக்கண் ஆழத்துக்குக் குத்தி இறக்குங்கள், இமையைத் தனித் துண்டாக மேலே போர்த்துங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முகத்தில் எது வேலை செய்கிறது, எது வெறும் கீறல் என்று அப்போது தெரிந்துவிடும். பெரிதாகத் தொடங்கும் முன் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஐந்து காகம் செய்யுங்கள், ஒன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்தில் ஒன்று தலையைச் சாய்த்து உங்களைப் பார்க்கும். அதைப் பெரிதாக்குங்கள். டைரியில் முன்பக்கம் மட்டுமே வரைந்திருக்கிறீர்கள், முதுகையும் ஒரு தடவை வரைந்து பார்த்துவிடுங்கள். பிராணிக்குப் பின்புறம் எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போதே பாதிப் பொம்மை முடிந்துவிடும்.

போகிற போக்கில் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. படங்களில் சில பால்பாயிண்ட் பேனாவில் இருக்கின்றன, டைரித்தாளும் மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. அந்த மை வெளிச்சத்தில் மங்கும். இனிமேல் நிறமி மை பேனா வாங்கிக்கொள்ளுங்கள், இருப்பதை ஸ்கேன் செய்துவிடுங்கள், டைரிகளை இராமபாணப் பூச்சி அண்டாத உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பொம்மைகளை உடைத்தால் திரும்பச் செய்யலாம், அந்தக் கோடுகளைத் திரும்பப் போட முடியாது.

கடைசியாகப் பாட்டி. அவளுக்குத் தனியாக ஆட்டுக்கால் செய்து, அதன் மேல் உடலை ஏற்றாதீர்கள், திரும்பவும் சாய்வாள். ஸ்ரீரங்கத்து வழியில் செய்யுங்கள். புடவையைக் குடை விரித்தது போல உள்ளே வெறுமையாக, அடி திறந்தபடி தரைவரை இறக்குங்கள். எடையை அது தாங்கிக்கொள்ளும், ஆவி போகவும் வழி கிடைக்கும். ஆட்டுக்கால் முழுதாகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கொசுவத்துக்குக் கீழே இரண்டு குளம்பு நுனி மட்டும் எட்டிப் பார்க்கட்டும்.