அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை எனக்கு. ஊர் மன்னார்குடி பக்கம். 11 மாத மகன் என் மாமியாரிடம் வளர்கிறான். 15 நாளுக்கு ஒருமுறை வருகிறேன். தூக்கப்போனால் அப்பாயியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறான். நான் கிளம்பும்போது அவனைக் கொல்லைப்பக்கம் தூக்கிப்போய் மாட்டைக் காட்டுவார்கள். அதற்குள் பஸ் ஏறிவிடுவேன். தாய்ப்பாலை நிறுத்தியதால் என்னை மறந்துவிட்டானா?

அன்புள்ள தங்கைக்கு,

அவன் அழுவதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேற்றுமுகம் பார்க்கிற வயது அது. யார் தூக்கினாலும் போன பிள்ளை, ஏழெட்டு மாதத்தில் தன் மனிதர் யார் என்று தேர்ந்துகொள்கிறான். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் அப்பாயி இருக்கிறார், அவரைப் பிடித்துக்கொள்கிறான். ஒருவரை இறுகப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை உங்களையும் பிடித்துக்கொள்வான்.

பாலைப் பற்றிய குற்ற உணர்வை இன்றே விடுங்கள். அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வில், குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு தாயும் மெத்தென்ற துணி சுற்றி ஒரு தாயும் செய்து வைத்திருந்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. 1964இல் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை ஷாஃபரும் எமர்சனும் வெளியிட்டார்கள். ஊட்டிக் குளிப்பாட்டுகிறவரைவிட, தன் குரலுக்கு மறுகுரல் கொடுப்பவரிடமே பிள்ளை ஒட்டியது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்டவரிடம் ஒட்டியிருந்தார்கள். உங்கள் இடம் பறிபோகவில்லை.

நடவுக்கு வரும் பெண்கள் வரப்போரத்து வேலமரத்தில் தூளி கட்டுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். குழந்தை சிணுங்கினால், கையில் நாற்றுமுடியோடு குனிந்தபடியே "இதோ வந்துவிட்டேன் தங்கம்" என்பார்கள். பாதி நேரம் அந்தக் குரலுக்கே அழுகை அடங்கிவிடும்.

எனக்கு வருத்தம் தருவது அந்தக் கொல்லைப்பக்கம்தான். எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம்கூட "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நாம். பெற்ற பிள்ளையிடம் மட்டும் சொல்லாமல் நழுவுகிறோம். என் தங்கை மகளையும் நாங்கள் ஒருமுறை இப்படித்தான் ஏமாற்றினோம். அதன்பிறகு பல வாரம், அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவடியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். எந்த நேரம் காணாமல் போவாளோ என்ற பயம்.

தூக்கி முத்தமிட்டு, "அம்மா போய்விட்டு வருகிறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். அழுவான். அப்பாயி மடியில் அழட்டும். தேற்ற அவர் இருக்கிறார். நீங்கள் கட்டிக் கழற்றிய நூல் புடவையை, துவைக்காமல், தூளிக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் வாசம் அவனுக்குத் தெரியும்.

அடுத்த முறை வந்ததும் அவனைப் பிடுங்காதீர்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி பேசிக்கொண்டிருங்கள். அரைமணி நேரமானாலும் அவனாக வரட்டும். திருப்பூருக்கே அழைத்துப்போகும் நாள் வந்தால், முதல் ஒரு மாதமாவது அத்தையும் உடன் வரட்டும். அவரை விட்டு வருவதும் அவனுக்குப் பிரிவுதான்.